சாய்வு எவ்வளவு? டெல்டா வீடுகளின் சோலார் சந்தேகங்கள்

இந்த இதழுக்கு வந்த சோலார் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் படுத்துவிடுகிறதே, பேனலின் சாய்வை மாற்றினால் சரியாகுமா என்பதுதான் அது. ஒரே மாதிரிக் கடிதங்களைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கும்பகோணம் வாசகர் ஒருவர்: மொட்டை மாடியில் 3 கிலோவாட் போடப்போகிறோம். இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் தெற்கு பார்த்து 11 டிகிரி போதும் என்கிறார். இன்னொருவர், மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், 25 டிகிரியாவது தூக்கி வைத்தால்தான் மேகமூட்டத்திலும் கரண்ட் வரும் என்கிறார். யார் சொல்வது சரி?

11 சொன்னவர் சொன்னதே சரி. 25 சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிதான் பலரையும் குழப்புகிறது.

சூரியன் தெற்கே சாய்வது நிஜம். கும்பகோணம் வட அட்சம் 11 டிகிரியை ஒட்டி இருக்கிறது. டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலிருந்து சுமார் 34 டிகிரி தெற்கே தள்ளி நிற்கும். அன்று வானம் தெளிவாக இருந்தால், 10 டிகிரி சாய்வில் உள்ள பேனலைவிட 25 டிகிரிப் பேனல் உச்சிவெயிலில் 8 சதவீதம் வரை கூடுதலாக வாங்கும். ஆனால் இந்தக் கணக்கு நேராக விழும் வெயிலுக்கு மட்டுமே பொருந்தும். மேகம் மூடிய நாளில் சூரியன் எங்கே இருக்கிறது என்பது பேனலுக்குத் தெரியாது. வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வராமல் வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. அதிலும் நன்றாக மூடிய வானத்தில், உச்சிப்பகுதி அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். எனவே அன்றைக்குப் பேனல் எவ்வளவு வானத்தைப் பார்க்கிறது என்பதே கேள்வி. கிடையாக வைத்தால் முழு வானமும் தெரியும். 10 டிகிரி சாய்த்தால் 1 சதவீதத்துக்கும் குறைவாக இழக்கிறோம். 25 டிகிரியில் 5 சதவீதமும், 30 டிகிரியில் 7 சதவீதமும் போய்விடும். மேகமூட்டத்துக்காகச் சாய்வைக் கூட்டுவது தலைகீழ் வைத்தியம்.

இந்த 5 சதவீதத்தையும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெயில் நாளில் 12 யூனிட் தரும் 3 கிலோவாட், அடைமழை நாளில் 2 அல்லது 3 யூனிட்தான் தரும். அதில் 5 சதவீதம் என்பது சில்லறைக் காசு. அந்த நாளில் எந்தக் கோணமும் பெரிதாகக் கொடுக்காது, பெரிதாகக் கெடுக்காது என்பதுதான் உண்மை.

அப்படியானால் தெற்குச் சாய்வு எப்போது பலன் தருகிறது? மழைக்காலத்தில் அல்ல, மழை விட்ட பிறகு. தை, மாசியில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். சூரியனும் இன்னும் தெற்கேதான் இருக்கும். சாய்வு சம்பாதிப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். அதற்காகச் சாய்வை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. ஏப்ரல் 19 வாக்கில், அதாவது சித்திரை முதல் வாரத்தில், சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே கடந்துவிடும். ஆகஸ்ட் 24 வாக்கில், ஆவணி இரண்டாம் வாரத்தில்தான் மறுபடி தெற்கே இறங்கும். ஆண்டில் நான்கு மாதம் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 உச்சியில், 10 டிகிரிப் பேனலோடு ஒப்பிட்டால் 25 டிகிரிப் பேனல் 14 சதவீதம் குறைவாக வாங்கும். டிசம்பரில் கிடைத்த 8 சதவீதத்தை விட இது பெரிது. பகல் நீளமான மாதமும் அதுதான்.

ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் டெல்டாவுக்கு 10 முதல் 12 டிகிரி வரும். முழுக்கக் கிடையாகப் போட்டால் இதைவிடச் சுமார் 2 சதவீதம் குறையும். 25 டிகிரியில் சுமார் 3 சதவீதமும், 30 டிகிரியில் 5 சதவீதமும் குறையலாம். உங்கள் 3 கிலோவாட், நாளுக்கு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்ற சராசரிக் கணக்கில், ஆண்டுக்கு 4,300 யூனிட்டைத் தாண்டும். அதில் 3 சதவீதம் 130 யூனிட். வெறும் யூனிட் கணக்காகப் பார்த்தால் தலைபோகிற நஷ்டம் இல்லை. ஆனால் 25 டிகிரிக்குத் தூக்கினால் இரும்பு அதிகம், காற்று பிடிப்பது அதிகம், வரிசைகளுக்கு இடையே விட வேண்டிய இடமும் அதிகம். கூடுதல் செலவு செய்து குறைவான மின்சாரம் வாங்குவது எதற்கு?

நெட் மீட்டர் வைக்கும் வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயில் மாதத்தில் மிஞ்சி வெளியே போன யூனிட் உங்கள் கணக்கில் நின்று அடுத்த பில்லில் கழியும். ஆகவே கார்த்திகையில் எவ்வளவு வந்தது என்பதைவிட ஆண்டு மொத்தம் எவ்வளவு என்பதே முக்கியம். பேட்டரி மட்டும் வைத்து, மின்வாரிய இணைப்பே இல்லாமல் ஓட்டும் தோட்டத்து வீடாக இருந்தால் கதை வேறு. அங்கே மிக மோசமான மாதத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். அப்போதும் சாய்வைத் தூக்குவதைவிட ஒரு பேனல் கூடுதலாகப் போடுவதே மலிவு.

மன்னார்குடி வாசகி: பட்டறையில் சொல்லி ஸ்டாண்டு அடித்து மாட்டிவிட்டார்கள். 10 டிகிரி என்றார்கள். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தெற்குத் திசையும் போன் காம்பஸை வைத்துத்தான் பார்த்தார்கள். நாமே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. முழக்கோலும் ரசமட்டமும் போதும்.

ரசமட்டத்தைப் பேனலின் மேல் ஓரத்திலிருந்து தெற்கு நோக்கிக் கிடையாகப் பிடியுங்கள். மேல் ஓரத்திலிருந்து கிடையாக ஓர் அடி தள்ளி வந்த இடத்தில், மட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். அடிக்கு 2 அங்குலம் இறங்கினால் 9.5 டிகிரி. இரண்டரை அங்குலம் என்றால் 12. மூன்றைத் தாண்டினால் 14 டிகிரிக்கு மேல். ஓர் அங்குலமே இருந்தால் 5 டிகிரிதான் வைத்திருக்கிறார்கள். வெல்டரிடமும் இனி டிகிரியில் பேசாதீர்கள். "முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே 4 அடி, பின்கால் 9 அங்குலம் உசத்தி" என்று சொன்னால் அவருக்கு உடனே புரியும். அது 10 டிகிரிக்கும் 11க்கும் நடுவே வரும். ஆனால் மொட்டை மாடித் தளமே தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் வாட்டமாகப் போடப்பட்டிருக்கும். காலின் உயரத்தை மட்டும் அளந்தால் அந்த வாட்டம் கணக்கில் விட்டுப்போகும். டியூப் மட்டத்தால் நான்கு கால்களின் உச்சியையும் பார்த்தபிறகே பட்டையை வெல்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

திசையைப் பொறுத்தவரை, போன் காம்பஸைக் கம்பிக்கும் இரும்பு ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் வைத்தால் 20, 30 டிகிரி கூடத் தவறாகக் காட்டும். அதற்குத் தூக்குக்குண்டே நம்பகமானது. நம் ஊர்களில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாக 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.13 வாக்கில். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள 82.5 டிகிரித் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவதே காரணம். அதிலும் மாதத்துக்கு மாதம் ஆட்டம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் 11.57க்கே உச்சி வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.27 ஆகும். அந்த நிமிடத்தில் தூக்குநூலின் நிழல் தரையில் விழும் கோடுதான் உங்கள் வீட்டின் உண்மையான தெற்கு வடக்கு. சாக்பீஸால் அதைக் கோடு இழுத்து வையுங்கள். ஏப்ரல் 19ஐயும் ஆகஸ்ட் 24ஐயும் ஒட்டிய நாட்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். உச்சியில் நிழலே இருக்காது. ஜூனில் நிழல் தெற்கே விழும், பயந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு ஓர் ஆறுதல். 10 டிகிரி போன்ற தாழ்ந்த சாய்வில் திசை 20 டிகிரி விலகியிருந்தால்கூட ஆண்டுக்கு அரை சதவீதம் போவதே அரிது. வீட்டுச் சுவருக்கு நேர்கோட்டில் அழகாக வைத்துவிட்டார்கள், தெற்கு கொஞ்சம் தென்கிழக்காகிவிட்டது என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். பிரித்து மாட்டும்போது கண்ணாடியில் கீறல் விழுந்தால் அதைவிட நஷ்டம்.

திருவையாறு வாசகர்: தெற்கிலும் தென்கிழக்கிலும் தென்னை மரங்கள். மொட்டை மாடியில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர். இரண்டு வரிசையாகப் பேனல் போட வேண்டும். எவ்வளவு இடைவெளி விடுவது?

முந்தைய இரண்டு கடிதங்களைவிட முக்கியமான கேள்வி இது. கோணத்தில் 5 டிகிரி தவறினால் 1 சதவீதம் போகும். நிழலில் தவறினால் 20, 30 சதவீதம் போகும்.

டிசம்பர் 21ஐ வைத்துக் கணக்கிடுங்கள். அன்றுதான் நம் பக்கம் நிழல் மிக நீளமாக வடக்கே விழும். அன்று உச்சியில், ஒரு பொருளின் உயரம் 1 என்றால் அதன் நிழல் வடக்கே 0.7 வரை நீளும். காலை 9 மணிச் சூரியனுக்கு வடக்கே 0.9, 8 மணிக்கு 1.3. மூன்றடிச் சுவருக்கு வடக்கே 4 அடி தள்ளிப் பேனலை ஆரம்பித்தால் காலை 8 முதல் மாலை 4 வரை தொல்லை இல்லை. இடம் பற்றாக்குறை என்றால் பேனலின் கீழ் ஓரத்தைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கிவிடுங்கள். சுவரின் மிச்ச உயரம் ஓர் அடிதான், அதற்கு ஒன்றேகால் அடி விட்டால் போதும்.

வரிசை இடைவெளிக்கும் அதே கணக்கு. இப்போது பரவலாக வரும் 540, 550 வாட் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். அதை நெட்டுக்கு, அதாவது நீளப் பக்கம் சாய்வில் வரும்படி, 10 டிகிரியில் வைத்தால் பின் ஓரம் முன் ஓரத்தைவிட 40 சென்டிமீட்டர் உயரும். அதை 1.3ஆல் பெருக்கினால் 52 சென்டிமீட்டர். கழுவ ஆள் நடக்கவும் வேண்டுமே, இரண்டடி விடுங்கள். 25 டிகிரியாக இருந்தால் பின் ஓரம் 96 சென்டிமீட்டர் உயர்ந்து, இடைவெளி நாலடியைத் தாண்டியிருக்கும். சின்ன மாடியில் அதிகப் பேனல் அடக்க வேண்டுமானால் தாழ்ந்த சாய்வுதான் வழி.

தென்னை மரம் கடினமான விஷயம். 50 அடி மரம், உங்கள் மாடி 12 அடி உயரம் என்றால், மாடிக்கு மேல் நிற்பது 38 அடி. டிசம்பரில் காலை 9 மணிக்குத் தென்கிழக்கு மரத்தின் நிழல் 56 அடி நீளத்துக்கு வடமேற்காக வந்து மாடியில் விழும். உச்சியில் 26 அடியாகச் சுருங்கும். மரத்திலிருந்து பேனலுக்கு உள்ள தூரத்தை அளந்து இந்த எண்களோடு ஒப்பிடுங்கள். வடக்கே நிற்கும் மரம் பற்றிக் கவலை குறைவு. ஜூன் உச்சியில் அதே 38 அடிக்கு எட்டரை அடி நிழல்தான் தெற்கே விழும்.

ஒரு மட்டை நிழல்தானே என்று விட முடியாது. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருக்கின்றன. மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடு இருக்கும். ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்தத் தொகுதியே ஒதுக்கப்பட்டு, பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். பாதி வெட்டிய செல் கொண்ட பேனல்களில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியே இயங்குவதால் இழப்பு குறையும். தப்பிக்கவே முடியாத நிழல் என்றால், அந்த நிழல் படும் பேனல்களுக்கு மட்டும் ஆப்டிமைசர் (ஒரு பேனலின் குறை மற்றவற்றைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி) போடலாம், அல்லது பேனலுக்கு ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் (அந்தப் பேனலின் டி.சி.யை அங்கேயே ஏ.சி.யாக மாற்றும் சின்னக் கருவி) வைக்கலாம். செலவு கூடும். எல்லாப் பேனலுக்கும் தேவையில்லை.

மேகமூட்ட நாளிலும் மரம் கெடுக்கும், நிழலே விழாவிட்டாலும். வானத்தின் ஒரு பகுதியை அது மறைக்கிறது. அதனால்தான் சுற்றிலும் தோப்பு உள்ள வீட்டில் மழைக்கால யூனிட், திறந்த வயல்வெளி வீட்டைவிடத் தெளிவாகவே குறைகிறது. அதற்குப் பேனல் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

பட்டுக்கோட்டை, வேதாரண்யம் வாசகர்கள் சிலர்: கஜா புயலைப் பார்த்தவர்கள் நாங்கள். சாய்வே வேண்டாம், கிடையாகப் படுக்கப் போட்டுவிட்டால் காற்றுக்குப் பயமில்லையே?

2018 நவம்பர் 16 அதிகாலையை அனுபவித்தவர்கள் இப்படிக் கேட்பது இயல்பே. ஆனால் முழுக்கக் கிடையாகப் போட்டால் வேறு தொல்லை வரும். சாய்வு 5 டிகிரிக்குக் கீழே போனால் மழைநீர் வழியாது. அலுமினிய ஃப்ரேமின் விளிம்பு கண்ணாடியைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். அதில் தேங்கிய நீர் காயும்போது சேற்றுக்கோடு ஒன்றை விட்டுப்போகும். மழைக்கு மழை அது தடித்து, கடைசி வரிசைச் செல்லை மூடிவிடும். நெட்டுக்கு வைத்த பேனலில் அந்தக் கடைசி வரிசை மூன்று தொகுதிகளையும் ஒருசேரத் தொடுகிறது. எனவே ஓர் அங்குலச் சேறு மூன்று தொகுதியையும் படுக்க வைக்கும். அரிசி ஆலைப் பக்கம் உமிச்சாம்பல் வேறு ஒட்டிக்கொள்ளும். ஆகவே குறைந்தது 8, முடிந்தால் 10 டிகிரி. அதிலும் கோடு படிந்தால், ஃப்ரேமின் கீழ் விளிம்பில் மாட்டும் நீர்வடி கிளிப் சின்னதாக பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. பேனலுக்கு இரண்டு மாட்டினால் போதும்.

காற்றுக்கு வருவோம். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 68 கிலோ அழுத்தம் தரும். மேலே சொன்ன பேனலின் பரப்பு 2.6 சதுர மீட்டர். ஒரு பேனலுக்கு 175 கிலோ, ஆறு பேனலுக்கு ஒரு டன்னுக்கு மேல். பேனல் ஒன்றின் எடை 28 கிலோதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். புயல் கிழக்கே கடலிலிருந்து நம் கரையை நோக்கி வரும்போது முதலில் அடிப்பது வடக்குப் பக்கத்துக் காற்று. தெற்கே சாய்ந்த பேனலின் உயர்ந்த பின்பக்கம் வடக்கே திறந்து கிடக்கிறது. காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். பேனல் அமுங்கி உடைவதைவிடப் பிடுங்கிக்கொண்டு பறப்பதே அதிகம் என்பது இதனால்தான். சாய்வு கூடக் கூட இந்தத் தூக்கும் விசையும் கூடும். கடற்கரை ஊர்களில் 10 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஸ்டாண்டை எட்டடி உயரத்துக்கு நிறுத்திக் கீழே நிழலுக்குப் பயன்படுத்தும் ஆசையையும் விட்டுவிடுவது நல்லது.

கால்களுக்கு அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி உயரம் கான்கிரீட் கட்டை வைப்பார்கள். ஒன்றின் எடை 68 கிலோ வரும். ஆறு கால் என்றால் 400 கிலோ. ஒரு டன் தூக்கலுக்கு இது மட்டும் போதாது. கட்டையைத் தளத்தின் மேல் சும்மா உட்கார வைக்காமல், தட்டோட்டை (மாடித் தளத்தின் மேல் பதித்த ஓடு) பெயர்த்துக் கான்கிரீட் தளத்தோடு கம்பி வைத்துப் பிணைத்து, அதன் பிறகு நீர்க்கசிவுப் பூச்சு போட்டு மூட வேண்டும். தட்டோட்டின் மேலேயே துளை போட்டு போல்ட் இறக்கினால் முதல் மழைக்கே கூரை ஒழுகும், பிடிப்பும் இருக்காது. ஸ்டாண்டின் குறுக்கே எக்ஸ் வடிவத்தில் பட்டை அவசியம். பேனலைப் பிடிக்கும் கிளாம்ப் ஒவ்வொரு நீளப் பக்கத்திலும் இரண்டு. அவை ஓரத்திலிருந்து நீளத்தில் கால் பங்கு உள்ளே தள்ளி அமைய வேண்டும். சாதா நட்டுக்குப் பதில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடச் சொல்லுங்கள். சாதா நட்டு ஆடிக்காற்றின் அதிர்விலேயே கழன்றுவரும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் பெயின்ட் அடித்த இரும்பு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு, 80 மைக்ரான் பூச்சு கேளுங்கள். முக்கி எடுத்த பின்பு அதில் வெல்டு வைக்கவோ துளை போடவோ விடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும். அலுமினிய ஃப்ரேமும் இரும்பும் நேரே தொடும் இடத்தில் ரப்பர் வாஷர் வேண்டும். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 கடலோரத்தில் சில ஆண்டில் பழுப்பேறிவிடும்.

திருவாரூர் மாவட்ட விவசாயி: வேளாண் பொறியியல் துறை மானியத்தில் 5 எச்.பி. சோலார் பம்ப்செட் போட்டிருக்கிறேன். ஸ்டாண்டில் சாய்வை மாற்ற வசதி உண்டு. மாற்ற வேண்டுமா, எப்போது?

உங்களுக்கு மாற்றுவதில் பலன் உண்டு. வீட்டுக்காரர் போல ஆண்டு மொத்தம் பார்க்கத் தேவையில்லை. தண்ணீர் எப்போது வேண்டுமோ அப்போது வந்தால் சரி. கார்த்திகையில் வயலில் தண்ணீரை வடிக்கத்தான் வழி தேடுவோம், இறைக்க அல்ல.

குறுவைக்கு நாற்று விடுவதும் ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை ஆழ்துளைக் கிணற்றை நம்புவதும் சூரியன் வடக்கே நிற்கும் காலத்தில். எனவே ஏப்ரல் நடுவில் சாய்வை 5 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். செப்டம்பர் வரை அப்படியே இருக்கட்டும். அறுவடை முடிந்து தை கடைசியில் கோடைப் பயிருக்கு இறைக்க ஆரம்பிக்கும்போது 20 டிகிரிக்கு ஏற்றலாம், ஏப்ரல் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் மாதம். அப்போது 5 முதல் 10 டிகிரியில் தாழ்த்தியே வையுங்கள். ஏற்றி வைத்தால் காற்றுக்குப் பயன்படுமே தவிர உங்களுக்கு அல்ல. இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் 8 டிகிரியில் நிறுத்திவிட்டு மறந்துவிடலாம்.

பம்ப்செட்டுக்கு மேகம் வீட்டு இணைப்பைவிடக் கடுமையான எதிரி. வெளிச்சம் பாதியானால் தண்ணீரும் பாதி வரும் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் தூக்கும் உயரம் வேகத்தைவிட வேகமாகக் குறைந்துவிடும். நீர்மட்டம் ஆழத்தில் இருந்தால், மோட்டார் சுற்றியும் குழாயில் தண்ணீர் வராது. அதைப் பழுது என்று நினைத்து மோட்டாரை மேலே தூக்கிவிடாதீர்கள். வெயில் வந்ததும் வந்தால் பம்ப் நன்றாகவே இருக்கிறது. அந்த நிலையில் மேகம் விலகும்வரை நிறுத்தி வைப்பது நல்லது. தானாகத் திரும்பும் டிராக்கர் உள்ளவர்கள் மூடிய நாளில் கிடையாகப் படுக்க வைத்தால் அதிக வெளிச்சம் கிடைக்கும். இல்லாத சூரியனைத் துரத்திக்கொண்டு அது சாய்ந்து நிற்பது வீண்.

சாய்வை மாற்றும்போது முதலில் கண்ட்ரோலர் பக்கத்து டி.சி. ஸ்விட்சை அணையுங்கள். பேனல் பக்கத்து வயரில் வெயில் இருக்கும்வரை கரண்ட் இருக்கும். பேனலைத் தொடராக இணைப்பதால் பல நூறு வோல்ட் டி.சி., பிடித்தால் விடாது. மேகம் மூடியிருந்தாலும் வோல்ட்டேஜ் அதிகம் குறையாது, ஆம்பியர்தான் குறையும். இருட்டாகத்தானே இருக்கிறது என்று கனெக்டரைப் பிடுங்குவது உயிருக்கு ஆபத்து. இரண்டு ஆள் வேண்டும், காற்றில்லாத காலை நேரம் உகந்தது. ஒருவர் பிடித்திருக்க, மற்றவர் போல்ட்டைத் தளர்த்தட்டும்.

மயிலாடுதுறை வாசகி: ஓட்டு வீடு. கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிகிறது. தெற்குச் சரிவே இல்லை. சோலார் போடவே முடியாதா?

தாராளமாகப் போடலாம். கிழக்கிலும் மேற்கிலும் பிரித்து, கூரையின் சரிவிலேயே படிய வையுங்கள். ஓட்டுக்கூரை பெரும்பாலும் 25, 30 டிகிரிச் சரிவில் இருக்கும். தெற்கு பார்த்த 11 டிகிரியோடு ஒப்பிட்டால் 10 சதவீதம் வரை குறையலாம். அதைச் சரிக்கட்ட ஓட்டின் மேல் தெற்கு பார்த்து ஸ்டாண்டு எழுப்பினால் காற்றுக்குப் பாய்மரம் கட்டியது போலாகும். ஒரு பேனல் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு சரிவிலுமாகப் போட்டால் கிழக்குப் பேனல்களையும் மேற்குப் பேனல்களையும் ஒரே தொடரில் கோக்கக் கூடாது. தொடரில் மிகக் குறைந்த ஆம்பியர் எதுவோ அதுதான் எல்லாவற்றுக்கும் என்றாகிவிடும். காலையில் மேற்கு இழுத்துப்பிடிக்கும், மாலையில் கிழக்கு. இரண்டு எம்.பி.பி.டி. (ஒரு தொடரிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் பகுதி) உள்ள இன்வெர்ட்டர் வாங்கி, தனித்தனியாகக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டுமே போட இடம் என்றால் கிழக்கைத் தேர்ந்தெடுக்கலாம். கோடை இடிமழைக்கு மேகம் கட்டுவது பெரும்பாலும் பிற்பகலில். வடக்குச் சரிவு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: சரிவு 10 டிகிரிக்குள் என்றால் அங்கும் போடலாம், 30 டிகிரி ஓட்டில் வேண்டாம்.

அதற்கு முன் கைமரங்களைப் பாருங்கள். பேனலும் ரெயிலும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 13, 14 கிலோ ஏறும். கொக்கி ஓட்டில் அல்ல, கைமரத்தில் இறங்க வேண்டும். கரையான் அரித்த மரம், மூங்கில் சட்டம் என்றால் முதலில் கூரைக்குச் செலவு செய்யுங்கள்.

சுருக்கமாகச் சில

மோனோவைவிட (ஒற்றைப் படிகச் செல்) பாலி (பல படிகச் செல்) பேனல் மேகத்தில் நன்றாக வேலை செய்யுமா என்று பாபநாசத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். இல்லை. பழைய காலத்துப் பேச்சு அது. இன்று மோனோவே வாங்குங்கள்.

மழை நாளில் 3 கிலோவாட்டுக்கு 2 யூனிட்தான் வந்தது, பழுதா என்கிறார் ஒரத்தநாட்டுக்காரர். பழுதல்ல. மழை விட்ட முதல் தெளிவான நாளில் 10 யூனிட்டுக்குக் கீழே காட்டினால்தான் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் கண்ணாடியையும் நிழலையும், பிறகு டி.சி. பெட்டியில் ஃபியூஸையும் பாருங்கள். மேகம் விலகும் நொடியில் இன்வெர்ட்டர் அதன் முழு அளவைத் தொட்டு நிற்பது உண்டு. மேக ஓரத்தில் பட்டு வரும் வெளிச்சமும் நேர்வெயிலும் சேர்வதால் வருவது அது, கெடுதல் இல்லை.

முன்னும் பின்னும் வெளிச்சம் வாங்கும் இருபக்கப் பேனலுக்குச் சாய்வு மாறுமா என்ற கேள்விக்கு: மாறாது. ஆனால் தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரமும் கீழே வெள்ளைப் பூச்சும் இருந்தால்தான் பின்பக்கம் சம்பாதிக்கும். சிவப்புத் தட்டோட்டின் மேல் ஒட்டினாற்போல் வைத்தால் கொடுத்த கூடுதல் காசு வீண்.

கழுவுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வானமே கழுவிவிடும். பறவை எச்சமும் உமிச்சாம்பலும் மட்டும் தேய்க்காமல் போகாது. மாசி முதல் ஆனி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலை ஏழு மணிக்குள், மென்மையான வைப்பரால். கொதிக்கும் கண்ணாடியில் நடுப்பகலில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் என்றால் கடைசியில் வைப்பரால் இழுத்து நீர் நிற்காமல் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் படியும். சோப்புத்தூள் வேண்டாம். எட்டாத இடத்துக்காகப் பேனல் மேல் ஏறி மிதிக்கவும் வேண்டாம், செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து அடுத்த ஆண்டு யூனிட்டில்தான் தெரியும்.